ஸ்டெம் செல்: எது வைத்தியம், எது வியாபாரம்?

ஒரே பெயரில் இரண்டு சரக்குகள் விற்பனையாகின்றன. ஒன்று, மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. மற்றொன்று, குழந்தையின் மூளை வளர்ச்சிக் குறை முதல் முழங்கால் வலி, தலை வழுக்கை வரை எல்லாவற்றையும் ஊசியால் தீர்ப்பதாக விளம்பரம் செய்யும் தனியார் மையங்களின் சிகிச்சை. இரண்டுக்கும் பெயர் ஸ்டெம் செல் சிகிச்சைதான். முன்னது உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. பின்னதைப் பற்றி அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் முன்னது சம்பாதித்த நல்ல பெயரைக் காட்டிப் பின்னது பணம் சம்பாதிக்கிறது.

ஊரில் ஒரு வீடு, பி.எப்.பில் கொஞ்சம் பணம், மனைவி கழுத்தில் நாலு பவுன் என்று இருக்கும் குடும்பங்களைத்தான் இந்த வியாபாரம் முக்கியமாகக் குறிவைக்கிறது. பெரும் பணக்காரர் வெளிநாட்டுக்குப் போய் நாலு டாக்டரிடம் கேட்டுவிட்டு வருவார். பரம ஏழைக்குக் கடன் கொடுக்க ஆளில்லை. நடுவில் இருப்பவரிடம்தான் விற்பதற்கும் ஏதோ இருக்கிறது, நம்புவதற்கும் மனம் இருக்கிறது. ஆகவே இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்பது நல்லது.

வாழைக்கிழங்கும் மஜ்ஜையும்

வாழை குலை தள்ளியதும் மரத்தை வெட்டி விடுகிறோம். ஆனால் மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. அதிலிருந்து பக்கக் கன்று கிளம்புகிறது. உடம்பிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ரத்தத்தில் ஓடும் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். செத்து விழும் அணுக்களுக்குப் பதிலாகப் புதிய அணுக்கள் தினமும் கோடிக்கணக்கில் பிறந்தாக வேண்டும். அவற்றைப் பெற்றுப் போடும் கிழங்குதான் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல். அது இரண்டாகப் பிரியும்போது ஒரு பாதி தன்னைப் போலவே கிழங்காக நிலைத்திருக்கும். மறு பாதி சிவப்பணுவாகவோ, வெள்ளையணுவாகவோ, ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுவாகவோ மாறும். இதை எலிகளை வைத்து ஐயத்துக்கு இடமில்லாமல் எடுத்துக் காட்டியவர்கள் கனடாவில் டொராண்டோ நகரைச் சேர்ந்த டில், மெக்குல்லோ என்ற இரு விஞ்ஞானிகள். ஆண்டு 1961.

கிழங்கே அழுகிவிட்டால் என்ன செய்வது? நல்ல கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்து நட வேண்டியதுதான். ரத்தப் புற்றுநோய்க்காரரின் கெட்டுப்போன மஜ்ஜையைக் கடுமையான மருந்தாலும் கதிர்வீச்சாலும் அழித்துவிட்டு, பொருத்தமான இன்னொருவரின் மஜ்ஜையை ரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றுகிறார்கள். அது தானாக வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்க் குடியேறுகிறது! இந்த முறையை உருவாக்கிய அமெரிக்க டாக்டர் டொனால் தாமஸ் 1990-இல் நோபல் பரிசு பெற்றார்.

அவரிடம் சியாட்டில் நகரில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர் டாக்டர் சுரேஷ் அத்வானி. சிறு வயதில் போலியோவால் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியிலேயே இருந்து மருத்துவம் படித்தவர். 1983 மார்ச்சில் அன்றைய பம்பாயில், டாட்டா ஆஸ்பத்திரியில், ரத்தப் புற்றுநோய் கண்ட ஒன்பது வயதுச் சிறுமிக்கு அவளுடைய சகோதரனின் மஜ்ஜையை ஏற்றி இந்தியாவின் முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சையை அவருடைய குழு செய்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1986-இல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இதைத் தொடங்கியது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ள குழந்தைகளுக்கு வேலூரில் செய்யப்பட்ட மாற்று சிகிச்சைகள் நாடறிந்தவை.

இதுவும் மாயமந்திரம் அல்ல. உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான் உண்டு. பொருந்தினாலும், வந்து சேர்ந்த மஜ்ஜை வீட்டுக்காரனையே அடிக்கும் விருந்தாளியாக மாறி, தோல், குடல், ஈரல் என்று தாக்குவதும் நடக்கிறது. சிகிச்சையிலேயே இறந்தவர்கள் உண்டு. ஆனால் எத்தனை பேருக்குச் செய்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கை ஆஸ்பத்திரி மறைப்பதில்லை. நோயாளியிடமும் சொல்கிறது, மருத்துவ இதழ்களிலும் எழுதுகிறது. வைத்தியத்துக்கும் வியாபாரத்துக்கும் உள்ள முதல் வித்தியாசம் இதுதான்.

அமெரிக்கச் சண்டை வேறு, நம் சண்டை வேறு

ஸ்டெம் செல் என்றால் தர்மசங்கடம், அது கருவைக் கொல்லும் விஷயம் என்று சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அது அமெரிக்காவில் நடந்த சண்டை. 1998-இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் என்ற விஞ்ஞானி சில நாளே ஆன மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்துக் காட்டினார். மஜ்ஜையில் இருப்பது ரத்தத்தை மட்டுமே பெறும் கிழங்கு. கருவில் இருப்பதோ உடம்பின் எந்த உறுப்பாகவும் மாறக்கூடியது. ஆனால் அதை எடுத்தால் கரு அழிந்துவிடும். அதுவும் ஓர் உயிர் அல்லவா என்று கத்தோலிக்கத் திருச்சபையும் வேறு பலரும் எதிர்த்தனர். 2001 ஆகஸ்டில் ஜனாதிபதி புஷ், ஏற்கெனவே பிரித்து வளர்த்து வைத்திருக்கும் செல் வரிசைகளில் செய்யும் ஆராய்ச்சிக்கு மட்டுமே அரசுப் பணம் என்று அறிவித்தார். அப்படி உலகத்தில் எங்கெங்கே இருக்கின்றன என்று அமெரிக்க அரசு பட்டியல் போட்டபோது 64 வரிசைகள் தேறின. அவற்றில் பத்து இந்தியாவில் இருந்தன. ஏழு மும்பையில் ஒரு தனியார் நிறுவனத்திடம், மூன்று பெங்களூர் தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தில்.

பின்னர் 2006-இல் ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் யமனகா, எலியின் சாதாரணத் தோல் செல்லையே பின்னோக்கித் திருப்பி, கருவின் செல் போன்ற நிலைக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே மனிதத் தோலிலும் அது சாத்தியமாயிற்று. 2012-இல் அவருக்கு நோபல் பரிசு. கருவைத் தொடாமலே ஆராய வழி பிறந்ததால் பழைய சண்டையின் சூடு தணிந்தது. இதற்கு நடுவில் தென்கொரியாவின் ஹ்வாங் ஊ-சுக், குளோனிங் செய்த மனிதக் கருவிலிருந்து செல் எடுத்ததாக 2004-லும் 2005-லும் எழுதி உலகப் புகழ் பெற்றார். அது பொய் என்று 2006 ஜனவரியில் அவருடைய பல்கலைக்கழகமே அறிவித்தது. விஞ்ஞானியும் பொய் சொல்லுவான். ஆனால் அங்கே விசாரணை நடந்து பொய் அம்பலமாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் கருவைப் பற்றிப் பெரிய சண்டை எதுவும் எழவில்லை. இங்கே உள்ள கேள்வி வேறு. நிரூபணம் ஆகாத ஒரு பொருளை, நிராதரவாக நிற்கும் பெற்றோரிடம், விலைக்கு விற்கலாமா என்பதே அது.

ஊசி போடும் கடைகள்

இந்த மையங்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான். நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் மஜ்ஜை, அல்லது வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பு எடுக்கிறார்கள். இயந்திரத்தில் சுழற்றிப் பிரிக்கிறார்கள். பிரித்ததை முதுகுத்தண்டிலோ, நரம்பிலோ, மூட்டிலோ ஊசியாகப் போடுகிறார்கள். ஆட்டிசம், பிறவி மூளைவாதம், முதுகெலும்பு முறிவு, தசைச் சிதைவு என்று நோய் மாறினாலும் ஊசி மாறுவதில்லை. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்று ஒருவன் சொன்னால் பூட்டுக்கடைக்காரர் சிரிப்பார். வைத்தியத்தில் மட்டும் நாம் சிரிப்பதில்லை.

சிரிக்காததற்குக் காரணம் இருக்கிறது. நாலு வயதாகியும் பேசாத குழந்தையை வைத்துக்கொண்டிருக்கும் தாய் தகப்பனிடம், பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், "இதற்கு மருந்து இல்லை, பயிற்சிதான் கொடுக்க வேண்டும், வருடக்கணக்கில் ஆகும்" என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லி அனுப்பிவிடுகிறார். அவருக்கு வெளியே அறுபது பேர் காத்திருக்கிறார்கள். தனியார் மையத்திலோ நாற்காலி போட்டு உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். குணமான குழந்தை என்று வீடியோ காட்டுகிறார்கள். ஊசி போட்ட பிறகு தினமும் பேச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் கொடுக்கிறார்கள். மூன்று மாதத்தில் குழந்தை "அம்மா" என்கிறது. ஊசியாலா, பயிற்சியாலா, மூன்று மாதம் வயது கூடியதாலா? யாருக்கும் தெரியாது. லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டவர்களுக்கு முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள மனம் எப்படித் துணியும்?

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் முறையான சோதனை என்று ஒன்று இருக்கிறது. ஒரே மாதிரியான நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்கு மருந்து போலத் தோன்றும் வெறும் ஊசியும் கொடுத்து, யாருக்கு எது என்று அளந்து பார்ப்பவருக்கே தெரியாமல் வைத்து, ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்ப்பார்கள். இந்தக் கடைகள் இப்படிச் செய்வதில்லை. செய்தால் சரக்கின் யோக்கியதை தெரிந்துவிடும்.

அரசு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரியல் தொழில்நுட்பத் துறையும் 2007-இல் வழிகாட்டு நெறிகள் வகுத்தன. 2013-இல் அவற்றைத் திருத்தியபோது தலைப்பிலிருந்தே "சிகிச்சை" என்ற சொல்லை எடுத்துவிட்டு "ஆராய்ச்சி" என்று மட்டும் வைத்தார்கள். இன்னும் சிகிச்சை என்று சொல்லும் காலம் வரவில்லை என்பதே அதன் பொருள். 2017-இல் வந்த நெறிகள் இன்னும் தெளிவானவை. ரத்தம் சம்பந்தமான குறிப்பிட்ட நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று ஒன்றுதான் அங்கீகாரம் பெற்ற சிகிச்சை. மற்ற எதுவாயினும் அனுமதி பெற்ற சோதனையாக மட்டுமே நடக்கலாம். ஆட்டிசம் பற்றி தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரில் தனியாகவே சொல்லிவிட்டது. ஆட்டிசத்துக்கு இந்த ஊசி பரிந்துரைக்கத் தக்கதல்ல, இதைப் பரிந்துரைப்பதும் விளம்பரம் செய்வதும் தொழில் ஒழுக்கக் கேடு என்பது அதன் முடிவு.

பிறகு ஏன் கடைகள் மூடவில்லை? நெறி என்பது சட்டம் அல்ல என்பது ஒரு காரணம். 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் சோதனைகள் விதிகள், ஸ்டெம் செல்லிலிருந்து தயாரிக்கும் பொருளைப் புதிய மருந்து என்று சேர்த்துக்கொண்டன. அதற்கு இவர்களின் பதில், "நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்ததை அதே உடம்பில் போடுகிறோம், இது மருந்தே அல்ல" என்பது. வக்கீல் வாதம் என்ற அளவில் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இடுப்பெலும்பில் இருக்க வேண்டியதை முதுகுத்தண்டில் ஏற்றுவது இயற்கை செய்யும் வேலை அல்லவே!

"குணமாகாவிட்டாலும் கெடுதல் இல்லையே, முயற்சி செய்து பார்ப்போம்" என்ற பேச்சும் அடிக்கடி கேட்கிறது. கெடுதல் நடந்திருக்கிறது. இஸ்ரேலைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்கு அபூர்வமான நரம்பு நோய். 2001 முதல் அவனை மாஸ்கோவுக்குக் கூட்டிப்போய், சிதைந்த கருக்களிலிருந்து எடுத்த மூளை செல்களை ஊசியாகப் போட்டார்கள். சில ஆண்டுகளில் மூளையிலும் முதுகுத்தண்டிலும் கட்டிகள் வளர்ந்தன. அறுத்துச் சோதித்தபோது அந்தக் கட்டி அவனுடைய செல்லால் ஆனதல்ல, ஊசியில் வந்த செல்லால் ஆனது என்று தெரிந்தது. 2009-இல் மருத்துவ இதழில் வெளியான செய்தி இது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் 2015-இல் மூன்று வயதான பெண்மணிகள் மங்கிய பார்வையைத் திருத்திக்கொள்ளப் போனார்கள். வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்ததை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஊசி போட்டார்கள். மூவருக்கும் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. தலைக்கு 5,000 டாலர் கட்டணம் வேறு. விசாரித்தால், அந்த மையத்தின் பெயர் அரசின் சோதனைப் பதிவேட்டிலேயே இருந்திருக்கிறது. அதை நம்பிச் சோதனையில்தான் சேர்கிறோம் என்று நினைத்தும் இருக்கிறார்கள்.

இன்னொரு வாதத்தை மட்டும் லேசாகத் தள்ளிவிட முடியாது. "விஞ்ஞானிகள் நிதானமாக ஆராய்ந்து முடிக்க இருபது வருஷம் ஆகலாம். தசை சிதைந்துகொண்டே போகும் என் பிள்ளைக்கு இருபது வருஷம் இருக்கிறதா?" இப்படிக் கேட்கும் தகப்பனுக்கு யாரும் புத்தி சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் துணிவது நியாயம். அவருடைய துணிச்சலுக்கு இன்னொருவர் விலை போடுவதுதான் அநியாயம். நிச்சயமில்லாத மருந்தைப் பிள்ளைக்குக் கொடுத்துப் பார்க்க அவர் தயார் என்றால், அதற்கென்று ஏற்பட்ட இடம் முறையான சோதனை. அங்கே பயன் கிடைக்காவிட்டாலும் அடுத்த பிள்ளைக்கு உதவும் ஒரு கணக்காவது மிஞ்சும். கடையில் ரசீதுதான் மிஞ்சும், அதுவும் கொடுத்தால்.

பணம் கேட்டால் அது சோதனை அல்ல

சாமானியர் இதைக் கண்டுகொள்ள ஒரு எளிய உரைகல் உண்டு. சோதனை என்றால், அந்தப் பரிசோதனைச் சிகிச்சைக்காக நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. நோயாளிதான் அங்கே உதவி செய்கிறவர். "இது ஆராய்ச்சி, ஆனால் மூன்று லட்சம் கட்ட வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், இரண்டில் ஒன்று பொய்.

சோதனைகளுக்கு இந்தியப் பதிவேடு ஒன்று இருக்கிறது. 2007-இல் தொடங்கியது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, படித்த பிள்ளைகளை விட்டு இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எந்த ஆஸ்பத்திரி, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, எந்த நோய்க்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். பதிவாகிவிட்டது என்பதாலேயே நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம். புளோரிடா கதை அதற்குச் சாட்சி. ஆனால் எண்ணே இல்லை என்றால் மேற்கொண்டு பேசத் தேவையில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழருக்கு இதில் தனியாக ஒரு விஷயம் உண்டு. கையெழுத்து வாங்கும் சம்மதப் படிவம் மராத்தியிலோ இந்தியிலோ இங்கிலீஷிலோ இருக்கும். "சும்மா சம்பிரதாயம், இங்கே போடுங்கள்" என்பார்கள். சோதனைக்கு உட்படுபவருக்குப் புரியும் மொழியில், புரியும் நடையில் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும் என்பது 2019 விதிகளில் உள்ள கட்டளை. எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். தமிழில் கொடுங்கள் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. சோதனையால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச வைத்தியமும் நஷ்டஈடும் உண்டு என்பதும் அந்தப் படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும்.

தொப்புள்கொடி லாக்கர்

பிரசவத்துக்கு நாள் குறித்த வீட்டுக்கு வருவது வேறு வகை ஏஜெண்டு. தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்துவைத்தால் குழந்தைக்கு ஆயுள் காப்பு என்பார். பல பத்தாயிரம் ரூபாய், மாதத் தவணையிலும் கட்டலாம். வருங்காலப் பிள்ளையின் உயிருக்கு விலை பேசுகிறாயா என்று மாமியார் கேட்டுவிட்டால் மருமகன் என்ன செய்வான்? சொசைட்டியில் லோன் போட வேண்டியதுதான்.

தொப்புள்கொடி ரத்தத்தில் ஸ்டெம் செல் இருப்பது உண்மை. 1988-இல் பாரிஸில் டாக்டர் எலியான் குளுக்மன் அதைக் கொண்டு ஒரு சிறுவனின் பரம்பரை ரத்தநோயைக் குணமாக்கியதும் உண்மை. ஆனால் அந்த ரத்தம் அவனுடையது அல்ல, அவன் தங்கையுடையது. விஷயம் அங்கேதான் இருக்கிறது. தலசீமியா போன்ற பரம்பரை நோய் வந்தால், அந்தக் குழந்தையின் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே குறை இருக்கும். ஓட்டைப் பானைக்கு அதே பானையின் ஓடு ஒட்டுப்போட உதவாது. ரத்தப் புற்றுநோயிலும் டாக்டர்கள் பெரும்பாலும் பிறருடைய செல்லைத்தான் விரும்புவார்கள். தவிர, ஒரு கொடியில் கிடைக்கும் ரத்தம் மிகக் குறைவு. சிறு பிள்ளைக்குப் போதும், வளர்ந்த ஆளுக்குப் போதுவது கஷ்டம். பிற்காலத்தில் தனக்கே பயன்படும் என்று சேமித்துவைக்க விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கூறியிருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே மஜ்ஜை மாற்று தேவைப்படும் பிள்ளை இருந்து, அடுத்த பிரசவம் வந்தால் மட்டும் விஷயம் வேறு. அப்போது டாக்டரே சொல்வார், ஏஜெண்டு சொல்ல வேண்டியதில்லை. கொடியின் தசை, பால்பல், மாதவிடாய் ரத்தம் என்று இப்போது சேர்த்து விற்பவற்றுக்கோ 2017 நெறிகளில் அனுமதியே கிடையாது.

லாக்கரில் வைத்தது பத்திரமாக இருக்கிறதா என்பதும் யாருக்குத் தெரியும்? நிர்வாகத்துக்குப் பேர் போன சிங்கப்பூரிலேயே ஒரு தனியார் வங்கியில் குளிர்சாதனத் தொட்டியின் வெப்பம் ஏறி, சுமார் 2,200 குழந்தைகளின் ரத்தம் கெட்டுப்போனதாக 2023 நவம்பரில் அரசு அறிவித்தது. பெற்றோர் அதுவரை சந்தா கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நியாயமான தர்மசங்கடம் ஒன்றும் இருக்கிறது. தலசீமியா உள்ள மகனுக்குப் பொருத்தமான மஜ்ஜை கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் கரு உண்டாக்கி, நோயில்லாததும் அண்ணனுக்குப் பொருந்துவதுமான கருவைத் தேர்ந்தெடுத்து, ஒரு தங்கையைப் பெற்று, அவளுடைய மஜ்ஜையை எடுத்து 2020-இல் அகமதாபாத்தில் அந்தச் சிறுவனுக்கு ஏற்றினார்கள். பையன் பிழைத்தான். அந்தத் தங்கையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. ஒரு குழந்தையை இன்னொரு குழந்தைக்கு மருந்தாகப் பெறலாமா என்று கேட்டால், அந்தப் பெற்றோர் அவளையும் கண்ணாக வளர்ப்பார்கள் என்பதைத் தவிர நல்ல பதில் இல்லை. கடைக்காரர்களின் அயோக்கியத்தனத்தைப் பேசி நேரம் போவதால், இம்மாதிரி நிஜமான கேள்விகளைப் பேச நம் நாட்டில் நேரம் கிடைப்பதில்லை.

உண்மையில் வந்திருப்பது

கடைகளைப் பார்த்து இந்த விஞ்ஞானமே புரட்டு என்று முடிவுகட்டினால் அதுவும் தவறாகும். ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் ஆஸ்பத்திரியைப் பாருங்கள். கருவிழியைச் சுற்றி, கருப்பும் வெள்ளையும் சேரும் விளிம்பில் கண்ணுக்கான ஸ்டெம் செல் இருக்கிறது. சுண்ணாம்போ அமிலமோ பட்டு அந்த விளிம்பு வெந்துவிட்டால் கருவிழி மேல் சதை படர்ந்து பார்வை மறைந்துவிடும். நல்ல கண்ணிலிருந்து நெல்மணி அளவுகூட இல்லாத துணுக்கை எடுத்து, பனிக்குடச் சவ்வின் மேல் வளர்த்து, கெட்ட கண்ணில் ஒட்டும் முறையை அவர்கள் 2001 முதல் செய்துவருகிறார்கள். பின்னர் டாக்டர் வீரேந்தர் சங்வான் குழுவினர், ஆய்வுக்கூடமே தேவைப்படாமல் துணுக்கை நேராகக் கண்ணிலேயே பதித்து வளரவிடும் எளிய முறையைக் கண்டு 2012-இல் வெளியிட்டார்கள். செலவு வெகுவாகக் குறைந்தது. இன்று பல நாடுகளில் இந்த இந்திய முறை கையாளப்படுகிறது. இப்படிக் கண் வெந்து வருகிறவர்களில், புகையிலைக்கும் வெற்றிலைக்கும் விற்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கி விளையாடிய பிள்ளைகளும் உண்டு. பாக்கெட்டை எட்டாத இடத்தில் வைப்பது இந்தச் சிகிச்சையைவிட மலிவு.

சர்க்கரை நோயிலும் ஒரு செய்தி. சிறு வயதிலேயே இன்சுலின் சுரப்பு நின்றுபோகும் வகை நோயாளிகள் 12 பேருக்கு, ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய இன்சுலின் சுரக்கும் செல்களை முழு அளவில் ஏற்றியதில், ஓராண்டு கழித்து 10 பேருக்கு இன்சுலின் ஊசியே தேவைப்படவில்லை என்று 2025 ஜூனில் அமெரிக்க மருத்துவ இதழ் எழுதியது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை அவர்கள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். நாற்பது வயதில் தொப்பையோடு வரும் நம் சர்க்கரை நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தச் செய்தியை வெட்டி ஒட்டி விளம்பரம் வந்தால் ஏமாறாமலிருக்கவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் சிக்கிள் செல் நோய்க்கு, நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து மரபணுவைத் திருத்தித் திரும்பப் போடும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. இது உண்மையான வைத்தியம், சோதித்து நிரூபித்தது. விலை அமெரிக்காவில் 22 லட்சம் டாலர். நம் பணத்தில் 18 கோடிக்கு மேல். இந்த நோய் இந்தியாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நீலகிரி ஆதிவாசிகளிடம், 1952-இல். மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பழங்குடி மக்களிடம் பரவலாக இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதை ஒழிக்க ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. ஆனால் யாருக்கு இந்த நோய் இருக்கிறதோ அவர்களுக்கு எட்டாத விலையில் மருந்து வந்திருக்கிறது. கருவுக்கு உயிர் உண்டா என்று வெள்ளைக்காரர்கள் வாதாடிய அளவுக்கு இதைப் பற்றி யாராவது வாதாடினால் தேவலை.

இருக்கும் சிகிச்சைக்கே பணம் பெரும்பாடு. மஜ்ஜை மாற்றுக்குப் பல லட்சம் ஆகிறது. தலசீமியாக் குழந்தைகளுக்குக் கோல் இந்தியா நிறுவனம் 2017 முதல் தலைக்குப் பத்து லட்சம் வரை உதவி செய்துவருகிறது. வேலூரும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலையும் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க ரயில்வே சலுகையும் உண்டு. சிகிச்சைக்குப் போகும் கான்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமே கிடையாது, துணைக்கு வருபவர் கால் பங்கு கொடுத்தால் போதும். தலசீமியா நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் அதே வகுப்புகளில் முக்கால் பங்கு தள்ளுபடி. ஆஸ்பத்திரி முத்திரை வைத்த படிவத்தைக் கவுண்டரில் காட்ட வேண்டும். இது தெரியாமல் முழுக் கட்டணம் கொடுத்துப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பணத்தைவிடப் பெரிய தட்டுப்பாடு, பொருத்தமான மஜ்ஜை. உடன்பிறந்தவர் பொருந்தாவிட்டால் அந்நியரில் தேட வேண்டும். ஒரே வம்சாவளியில் வந்தவர்களிடையேதான் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், மும்பையில் படுத்திருக்கும் தமிழ் நோயாளிக்கு இன்னொரு தமிழரிடம்தான் முதலில் தேடுவார்கள். மனமுவந்து கொடுப்பவர்களின் பெயரைப் பதிந்துவைக்கும் தாத்ரி என்ற அமைப்பு 2009-இல் சென்னையில் தொடங்கியது. பதினெட்டு முதல் ஐம்பது வயது வரை உள்ள ஆரோக்கியமானவர்கள் பதிந்துகொள்ளலாம். எலும்பைத் துளைப்பார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பதிவுக்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுப்பதோடு சரி. பொருத்தம் ஏற்பட்டு அழைத்தால், சில நாள் ஊசி போட்டு ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறக்கி, பெரும்பாலும் கையிலிருந்தே ரத்ததானம் போல எடுத்துக்கொள்கிறார்கள். உட்கார்ந்திருக்க வேண்டியது சில மணி நேரம். அழைப்பு அடுத்த மாதமே வரலாம். வராமலே போகலாம்.